இரத்தத்தில் கொலஸ்ரரோல்: புதிதாக வந்தவர்கள் அறிய வேண்டியவை



ஆலோசனைக்கு வருபவர்களிடம் உடல்நலம் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் கேஸ் முடியட்டும், பிறகு பார்ப்பம்." நேர்முகம், சொலிசிற்றர், ஊரில் விட்டுவந்த பிள்ளைகள் என்று ஆயிரம் யோசனை இருக்கும்போது அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வர மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அதுவரை இரத்தக் குழாய்க்குள் கொழுப்புப் படியாமல் காத்திருக்காது. அது படியும்போது நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, களைப்பும் தெரியாது. சிலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்புத்தான்.

ஆகவே கொலஸ்ரரோல் என்றால் என்ன, பரிசோதனைத் தாளை எப்படி வாசிப்பது, பணம் செலவழிக்காமல் எப்படிச் சிகிச்சை பெறுவது என்று இந்த இதழில் பார்ப்போம். இங்கே சொல்லப்படும் நடைமுறைகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு டொக்டர் எழுதும் மருந்து எல்லாமே இலவசம்.

கொலஸ்ரரோல் என்றால் என்ன?

கொலஸ்ரரோல் விஷம் அல்ல. உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்தின் சுவருக்கும் அது தேவை. விற்றமின் டி, பித்தம், சில ஓமோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் உண்டாகின்றன. அதில் பெரும் பகுதியை எங்கள் ஈரலே தயாரிக்கிறது. "நான் மச்சம் தொடுறதில்லை, எனக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மரக்கறி மட்டும் சாப்பிடுபவருக்கும் கொலஸ்ரரோல் கூடலாம்.

குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொழுப்பு தண்ணீரோடு கலக்காது. இரத்தத்தில் பெரும்பங்கு தண்ணீர். ஆகவே கொழுப்பை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக லொறி மாதிரி ஒன்று வேண்டும். புரதத்தால் சுற்றிய சிறு உருண்டைகளே அந்த லொறிகள். பரிசோதனைத் தாளில் வரும் பெயர்கள் இவைதான்:

எல்.டி.எல்: ஈரலிலிருந்து உடம்புக்குக் கொழுப்பை ஏற்றிச் செல்வது. இது அளவுக்கு மிஞ்சினால் இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து படியும். "கெட்ட கொலஸ்ரரோல்" என்பது இதைத்தான்.

எச்.டி.எல்: மிஞ்சிய கொழுப்பைத் திருப்பி ஈரலுக்குக் கொண்டுவருவது. "நல்ல கொலஸ்ரரோல்" என்பார்கள்.

ரைகிளிசரைட்: இது கொலஸ்ரரோல் அல்ல, வேறு வகைக் கொழுப்பு. நாங்கள் செலவழிக்காத சக்தியை உடம்பு இந்த வடிவில் சேமிக்கிறது. சீனி, அளவுக்கு மிஞ்சிய சோறு, மதுபானம் ஆகியவை இதைக் கூட்டும்.

குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு ஒருநாள் வெடித்தால் அந்த இடத்தில் இரத்தம் கட்டியாகும். அந்தக் கட்டி இதயத்துக்குப் போகும் குழாயை அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பாரிசவாதம்.

எங்கள் ஆட்கள் ஏன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

தென்னாசியாவிலிருந்து வந்தவர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருவதுண்டு. ரைகிளிசரைட் கூடி, எச்.டி.எல் குறைந்து இருப்பது எங்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. சலரோகமும் எங்களிடம் அதிகம். ஆள் மெலிவாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு இருந்தால் ஆபத்துத்தான். தென்னாசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள்ளும் இருப்பது நல்லது.

இங்கு வந்தபின் நிலைமை இன்னும் மாறுகிறது. ஊரில் வயலுக்கும் கடலுக்கும் சந்தைக்கும் நடந்தவர்கள் இங்கே ஒரு அறைக்குள் நாள் முழுதும் இருக்கிறார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. நித்திரை இல்லை. யோசனை கூடினால் சிகரெட் கூடுகிறது. சிகரெட் குழாய்ச் சுவரைப் புண்ணாக்குவதோடு நல்ல கொலஸ்ரரோலையும் குறைக்கும்.

பரிசோதனைக்குப் போவது எப்படி?

முதலில் உங்கள் பகுதியில் ஒரு ஜீ.பி.யிடம் பதிய வேண்டும். ஜீ.பி.யைப் பார்ப்பது எல்லோருக்கும் இலவசம். தஞ்சக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. பதிவதற்கு பாஸ்போட்டோ விலாசத்துக்கான கடிதமோ கட்டாயம் இல்லை. ஹோட்டலில் இருப்பவர்கள் ஹோட்டல் விலாசத்தையே கொடுக்கலாம். "ஐ.டி. இல்லை, பதிய முடியாது" என்று வரவேற்பில் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். எங்களிடம் வாருங்கள், நாங்கள் கதைக்கிறோம்.

ரிசெப்சனில் இப்படிச் சொன்னால் போதும்: "ஐ வுட் லைக் எ கொலஸ்ரரோல் ரெஸ்ற். ஐ நீட் எ தமிழ் இன்ரர்பிரிற்றர்." மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டாம். தகப்பனின் நெஞ்சு வருத்தத்தை 10 வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாரம். உங்களுக்கும் எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்ல வராது.

கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள், அல்லது விரல் நுனியில் குத்திப் பார்ப்பார்கள். பெரும்பாலும் வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. தேவை என்றால் முன்கூட்டியே சொல்வார்கள்.

இன்னொன்று. தடுப்பில் இருந்தவர்கள், சித்திரவதைக்கு உள்ளானவர்கள் சிலருக்கு ஊசியும் பூட்டிய அறையும் பழையதை ஞாபகப்படுத்தும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "எனக்குப் பயமாக இருக்கு, கதவைத் திறந்து வையுங்கோ, படுத்திருக்க விடுங்கோ" என்று நேர்சிடம் சொல்லுங்கள். பெண்கள் பெண் நேர்சைக் கேட்கலாம். காரணத்தை விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

"இதை எழுதி வைச்சால் ஹோம் ஒபிஸுக்குப் போகுமா, கேஸைப் பாதிக்குமா?" என்றும் கேட்கிறார்கள். டொக்டரிடம் நீங்கள் சொல்வது இரகசியமாகப் பேணப்பட வேண்டியது. கொலஸ்ரரோல் இருக்கிறது என்பதற்காகத் தஞ்சக் கோரிக்கை மறுக்கப்படுவதும் இல்லை. ஊருக்குத் திரும்பினால் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதை வைத்தே அந்த முடிவு எடுக்கப்படுகிறது.

தாளிலுள்ள எண்களை வாசிப்பது

இங்கேதான் எங்கள் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஊரில் கொலஸ்ரரோலை மில்லிகிராமில் சொல்வார்கள்: 180, 220, 260 என்று. இங்கே மில்லிமோல் என்ற அளவில் சொல்வார்கள்: 4.7, 5.7, 6.7 என்று. "ஊரிலை 240 இருந்தது, இங்கை 6 தான். நல்லாக் குறைஞ்சிட்டுது" என்று சந்தோஷப்பட்டு மருந்தை நிற்பாட்டியவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் 240 என்பது இங்கே 6.2. ஒன்றும் குறையவில்லை, அளவுகோல்தான் மாறியது.

ஊர்த் தாளிலுள்ள கொலஸ்ரரோல் எண்ணை 38.7 ஆல் பிரித்தால் இங்குள்ள எண் வரும். ரைகிளிசரைட்டை 88.6 ஆல் பிரிக்க வேண்டும். எளிதாக நினைவில் வைக்க: கொலஸ்ரரோல் 200 என்றால் இங்கே 5.2. ரைகிளிசரைட் 150 என்றால் இங்கே 1.7.

வேறு நோய் இல்லாத ஒருவருக்குப் பொதுவாக இருக்க வேண்டிய அளவுகள்:

மொத்தக் கொலஸ்ரரோல்: 5க்குக் கீழ்
எல்.டி.எல்: 3க்குக் கீழ்
எச்.டி.எல்: ஆண்களுக்கு 1.0க்கு மேல், பெண்களுக்கு 1.2க்கு மேல்
நொன்-எச்.டி.எல்: 4க்குக் கீழ்
ரைகிளிசரைட்: வெறும் வயிற்றில் 1.7க்குக் கீழ், சாப்பிட்ட பின் 2.3க்குக் கீழ்

நொன்-எச்.டி.எல் என்பது மொத்தத்திலிருந்து நல்லதைக் கழித்தால் மிஞ்சும் கெட்டது எல்லாம். இங்குள்ள டொக்டர்கள் இந்த எண்ணைத்தான் கூடுதலாகப் பார்க்கிறார்கள்.

வகுப்பில் செய்வது போல ஒரு கணக்கு ஒருக்கா செய்து பார்ப்போம். ஒருவருக்கு மொத்தம் 6.1, எச்.டி.எல் 0.9, வெறும் வயிற்றில் ரைகிளிசரைட் 2.8 என்று வைத்துக்கொள்வோம். 6.1 இலிருந்து 0.9 போக மிச்சம் 5.2. இது 4க்கு மேல், ஆகவே கெட்டது கூட. எச்.டி.எல் 1.0க்குக் கீழ், ஆகவே நல்லது குறைவு. ரைகிளிசரைட் 1.7க்கு மேல், அதுவும் கூட. மூன்றும் பிழையான பக்கத்தில் நிற்கின்றன. இவருக்குச் சலரோகம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ரைகிளிசரைட் 10க்கு மேல் போனால் கணையம் அழற்சி அடையக்கூடிய ஆபத்தும் உண்டு. அப்படியென்றால் டொக்டர் திரும்ப வரச் சொல்லும் நாளைத் தவற விடாதீர்கள்.

ஆனாலும் ஒரு எண்ணை மட்டும் வைத்து டொக்டர் முடிவு எடுப்பதில்லை. வயது, ஆணா பெண்ணா, எந்த இனம், சிகரெட், பிரஷர், சலரோகம், 60 வயதுக்கு முன் தாய் தகப்பன் சகோதரருக்கு இதய நோய் வந்ததா என்பவற்றையெல்லாம் கணினியில் போட்டு, அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். "10 வீதம்" என்றால் உங்களைப் போன்ற 100 பேரில் 10 பேருக்கு அது வரலாம் என்று அர்த்தம். 10 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் குளிசை எடுக்கச் சொல்வது வழக்கம். இனத்தைக் கேட்கும்போது இலங்கைத் தமிழர் என்று தெளிவாகச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாராவது இளமையில் மாரடைப்பால் போயிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மொத்தக் கொலஸ்ரரோல் 7.5க்கு மேல் இருந்து, குடும்பத்திலும் இளமையில் மாரடைப்பு வந்திருந்தால் அது பரம்பரையாக வரும் கொலஸ்ரரோலாக இருக்கலாம். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. சாப்பாட்டால் மட்டும் இதைக் கட்டுப்படுத்த முடியாது. அப்படி ஒருவருக்கு உறுதியானால் அவருடைய பிள்ளைகளையும் சகோதரங்களையும் சோதிக்க வேண்டும்.

சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

புட்டையும் இடியப்பத்தையும் விடச் சொல்லி நான் சொல்லப் போவதில்லை. கவனிக்க வேண்டியது நிரம்பிய கொழுப்பை. இதுதான் எல்.டி.எல்லைக் கூட்டுகிறது. ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 30 கிராம், பெண்களுக்கு 20 கிராம் மட்டுமே அளவு. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் மட்டும் ஏறத்தாழ 12 கிராம் இருக்கிறது. 400 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால் ரின் ஒன்றில் பெரும்பாலும் 50 கிராமுக்கு மேல். நாலு பேருக்கு ஒரு ரின் என்றாலும் ஆளுக்கு ஒரு வேளையில் 12 கிராமுக்கு மேல் போய்விடும்.

வீட்டில் சமைப்பவர்கள்:

1. சொதிக்கும் கறிக்கும் தேங்காய்ப்பாலைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்துக்குக் கொழுப்பு குறைந்த பசுப்பால் விடலாம். கடையில் நீல நிறம் முழுக்கொழுப்புப் பால், பச்சை பாதி, சிவப்பு மிகக் குறைவு.
2. பொரிக்கத் தாளிக்க "வெஜிற்றபிள் ஒயில்" என்று விற்கும் மலிவான எண்ணெய் போதும். அது பெரும்பாலும் றேப்சீட் எண்ணெய்தான், நிரம்பிய கொழுப்பு குறைவு. நல்லெண்ணெயும் பரவாயில்லை. எதுவானாலும் போத்தலைச் சரிக்காமல் கரண்டியால் அளந்து விடுங்கள்.
3. பருப்பு, கடலை, பயறு, கௌபி, கீரை தினமும் சேருங்கள். மலிவு, வயிறும் நிரம்பும், அதிலுள்ள நார் கொலஸ்ரரோலைக் குறைக்க உதவும். ஓட்ஸும் அப்படித்தான்.
4. கிழமையில் ஒரு நாளாவது சாடின், மக்கரல் போன்ற மீன். ரின் மீனும் நல்லதே, தக்காளி சோஸில் உள்ளதை எடுக்கலாம்.
5. கோழித் தோலை நீக்குங்கள். ஆட்டிறைச்சியில் வெள்ளையாகத் தெரியும் கொழுப்பை வெட்டி எறியுங்கள்.
6. ரோல்ஸ், பற்றீஸ், வடை, மிக்சர் விசேஷ நாளுக்கு இருக்கட்டும்.
7. தட்டில் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள். தேத்தண்ணிக்குச் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

முட்டையும் இறாலும் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அவற்றில் கொலஸ்ரரோல் இருந்தாலும் நிரம்பிய கொழுப்பு அளவுக்கு அவை இரத்தக் கொலஸ்ரரோலைக் கூட்டுவதில்லை. அளவோடு சாப்பிடலாம்.

ஹோட்டலில் இருந்து கொடுப்பதைச் சாப்பிடுபவர்களுக்குத் தெரிவு குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். காலையில் ஓட்ஸ் அல்லது சீரியல் இருந்தால் அதை எடுங்கள். கோழித் தோலையும் சிப்ஸின் பாதியையும் ஒதுக்குங்கள். சோடாவுக்குப் பதில் தண்ணீர் குடியுங்கள். சலரோகம் அல்லது இதய நோய் இருந்து சாப்பாடு ஒத்துவராவிட்டால் ஜீ.பி.யிடம் ஒரு கடிதம் வாங்கி மைக்ரன்ற் ஹெல்ப்புக்கு அறிவியுங்கள். கடிதம் இருந்தால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கும்.

கடையில் பொருள் வாங்கும்போது பெட்டியில் நிரம்பிய கொழுப்புக்கு, அதாவது "சச்சுரேற்ஸ்" என்பதற்கு, எந்த நிறம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் 100 கிராமில் 5 கிராமுக்கு மேல். பச்சை என்றால் 1.5 கிராமோ அதற்குக் கீழோ.

நடை இலவச மருந்து. கிழமையில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில். ஹோட்டலில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடந்தால் மனப்பாரமும் குறையும்.

குளிசை எடுக்கச் சொன்னால்

சாப்பாடும் நடையும் உதவும், ஆனால் சிலருக்கு அது போதாது. அப்போது "ஸ்ரற்றின்" வகைக் குளிசை கொடுப்பார்கள். ஈரல் கொலஸ்ரரோல் தயாரிப்பதை இது குறைக்கும். இங்கே பெரும்பாலும் அற்றோவஸ்ரற்றின் 20 மில்லிகிராமில் தொடங்குவார்கள். ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 80 மில்லிகிராம்வரை கொடுப்பதுண்டு. இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் எடுத்து எவ்வளவு குறைந்தது, ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

எண் இறங்கியதும் குளிசையை விடக்கூடாது. இறங்கியது குளிசையால்தான், விட்டால் திரும்ப ஏறும். தசை நோவு காரணமில்லாமல் வந்தால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். வேறு அளவு, வேறு குளிசை இருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதை எடுக்கக்கூடாது. பிள்ளை பெற யோசிக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பக்கத்து அறைக்காரரின் குளிசையை வாங்கிப் போடுவதும், உங்களுடையதைக் கொடுப்பதும் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசை, நாட்டு மருந்து இருந்தால் பெட்டியோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

காசு பற்றி: மருந்துச்சீட்டுக் கட்டணம் 2024 மே மாதத்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுணாக உயர்ந்தது. எச்.சி.2 சான்றிதழ் உள்ளவர்கள் இதைக் கட்டத் தேவையில்லை. ஹோம் ஒபிஸ் உதவிப்பணம் பெறுபவர்களுக்கு இது கிடைக்க வேண்டும். இன்னும் வராவிட்டால் மைக்ரன்ற் ஹெல்ப்பிடம் கேளுங்கள். உதவிப்பணம் இல்லாமல் உறவினர் வீட்டில் இருப்பவர்கள் எச்.சி.1 படிவம் நிரப்ப வேண்டும், நாங்கள் நிரப்பித் தருவோம். சான்றிதழில் உள்ள முடிவுத் திகதியைப் பாருங்கள். முடிந்துபோன சான்றிதழோடு பார்மசியில் "இலவசம்" என்று கையெழுத்துப் போட்டால் பிறகு அபராதக் கடிதம் வரும்.

இடம் மாற்றினால்

மருந்து அறுந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு நாள் அறிவித்தலில் வேறு ஊருக்கு ஏற்றி விடுவார்கள். குளிசை முடிந்துவிடும், புது இடத்தில் யாரையும் தெரியாது, இரண்டு மாதம் போய்விடும். இதற்கு மூன்று காரியம் செய்து வையுங்கள். மருந்துப் பெட்டியையும் மருந்துச்சீட்டின் வலப்பக்கத் துண்டையும் எறியாதீர்கள். பரிசோதனை முடிவைப் போனில் படம் எடுத்து வையுங்கள். புது இடத்துக்குப் போன கிழமையே புது ஜீ.பி.யிடம் பதியுங்கள். அதற்கு முன்னரே குளிசை முடிந்தால் 111க்கு அடித்து அவசர மருந்து கேட்கலாம்.

நெஞ்சு நோவு வந்தால்

நடு நெஞ்சில் இறுக்கம், பாரம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், சத்தி: இவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் சலரோகம் உள்ளவர்களுக்கும் நெஞ்சு நோவு பெரிதாக இல்லாமலே வரலாம். "காஸ்ரிக்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். எதுவானாலும் உடனே 999க்கு அடியுங்கள். இங்கிலீஷ் வராவிட்டால் "அம்புலன்ஸ்", "தமிழ்" என்று இரண்டு சொல் சொல்லுங்கள், இடத்தின் பெயரையும் சொல்லுங்கள். ஹோட்டல் ஊழியரிடமும் உதவி கேட்கலாம். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

இந்தக் கிழமை செய்ய வேண்டியவை

ஜீ.பி.யிடம் பதியாதவர்கள் பதியுங்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள், சலரோகமோ பிரஷரோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளமையில் மாரடைப்பு வந்தவர்கள் பரிசோதனைக்கு நாள் எடுங்கள். எச்.சி.2 திகதியைப் பாருங்கள். சிகரெட் விட விரும்பினால் ஜீ.பி.யிடமோ பார்மசியிலோ கேளுங்கள், அதற்கு இலவச உதவி உண்டு.

ஊரில் எடுத்த பழைய இரத்தப் பரிசோதனைத் தாளோ, இங்கே வந்த ஆங்கிலக் கடிதமோ விளங்காவிட்டால் எங்கள் ஆலோசனை நாளில் எடுத்து வாருங்கள். சேர்ந்திருந்து வாசிப்போம்.